மேல இருக்கற வரி

வாங்க தம்பி, செருப்ப வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்க. மாடியக் காட்டுறேன், அவசரமில்ல, முதல்ல உக்காருங்க. உங்க வீட்டுக்காரங்க ஏன் வாசல் கேட்டுக்கிட்டயே நின்னுட்டாங்க? போன் பேசறாங்களா? சரி, பேசட்டும். அங்கதான் சிக்னல் இருக்கு.

போனத் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க. உள்ள ஒரு கோடு கூட வராது. நான் நின்னு கட்டின வீடு தம்பி, சுவரெல்லாம் அவ்வளவு கனம். ஆணி அடிச்சா ஆணி வளையும். அந்தப் பக்கம் அபார்ட்மெண்ட் வேற வந்துச்சா, இருந்த கொஞ்சம் சிக்னலும் போச்சு. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, கூட்டுறவு ஆபீஸ்ல வேலையாம், சிக்னல் இல்லன்னதும் மாடிய ஏறிக்கூடப் பாக்காம போயிட்டாரு. அவசரக் குடுக்கை. வைஃபை இருக்குய்யா, அதுலயே போன் பேசலாம்யான்னு சொல்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாரு.

அதோ, ஷோகேஸ் மேல இருக்கு பாருங்க, நீலமா, இரும்புப் பெட்டி மாதிரி. அதுதான் ரூட்டர். கடையில விக்கற பிளாஸ்டிக் சாமான் இல்ல. நான் பாங்க்ல நெட்வொர்க் செக்‌ஷன்ல இருந்தேன். இந்தத் திருச்சி வட்டாரத்துல எந்தக் கிளையில லைன் போனாலும் கலியமூர்த்தியக் கூப்பிடும்பாங்க. பழைய ரூட்டரையெல்லாம் கழிச்சுக் கட்டினப்ப ஏலத்துல எடுத்தேன். சத்தம் போடும், கரண்டு சாப்பிடும், ஆனா சொன்னத செய்யும்.

இதுக்குப் படமும் பட்டனும் கெடையாது. கறுப்புத் திரை. ஒரு கட்டம் மினுக்கிட்டு நிக்கும். நாம கட்டளைய எழுதணும், அது செய்யும். ஏன்னு கேக்காது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காது. தப்பா எழுதினா தப்புன்னு சொல்லும், சரியா எழுதினா வாயைத் தொறக்காது. எனக்கு அது பிடிக்கும் தம்பி. சரின்னா சும்மா இருக்கணும்.

வீட்டுல எல்லாத்துக்கும் இதுலதான் சட்டம். மங்கை படிக்கறப்ப, மங்கைன்னா என் பொண்ணு, மங்கையர்க்கரசின்னு பேரு, ஒரே பொண்ணு, பரீட்சை நேரத்துல அவ லேப்டாப்ப இதுல தடுத்து வெச்சேன். அழுதா. அவங்கம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மார்க் வந்துச்சா இல்லையா? அப்புறம் அவளே எம் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டா. எந்தக் கட்டளைக்கு என்ன அர்த்தம்னு கேட்டுக் கேட்டு. இன்னைக்கு ஹைதராபாத்ல இதே வேலைதான் பாக்கறா. யாரால? நீங்களே சொல்லுங்க.

தண்ணி குடிங்க. காபி போடத் தெரியும், ஆனா பால் முடிஞ்சுபோச்சு. தனியா இருக்கறவன் வீடு.

ஆமா, அதுதான் என் சம்சாரம். பாக்கியம். தனபாக்கியம். மாலை காஞ்சுபோச்சு, மாத்தணும். நல்ல பொம்பள தம்பி. சொன்னா கேப்பா. எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அவ போனதுக்கு நாந்தான் காரணம்னு என் சொந்தக்காரங்க பூரா பேசறாங்க. நீங்க மாடிக்கு வந்தீங்கன்னா எதிர் வீட்டுக்காரனே உங்க காதுல போடுவான். அதான் நானே சொல்லிடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நியாயம் யார் பக்கம்னு.

மங்கை ஹைதராபாத்ல கூட வேலை பாத்த ஒரு பையனக் கட்டிக்கிட்டா. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல. நமக்கு வாட்ஸ்அப்ல போட்டோ வருது. மாலையும் கழுத்துமா சிரிச்சுக்கிட்டு. யாரு, எந்த ஊரு, எந்த ஆளுங்க, ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் பேர நான் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. அன்னைக்கே பாக்கியத்துகிட்ட சொல்லிட்டேன், இந்த வீட்டுல அவ பேச்சு எடுக்கக் கூடாது. பாக்கியம் எடுக்கல. தலைய ஆட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நானும் விஷயம் முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

ஒரு டேப் இருந்துச்சு. பலகை மாதிரி பெரிய போன் வருமே, அது. மங்கை முதல் சம்பளத்துல அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தது, இந்தக் கல்யாணமெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடி. அதத் தூக்கிப் போடச் சொல்லல நான். அந்த அளவுக்குக் கொடுமைக்காரன் இல்ல. பாக்கியம் அதுல கும்பாபிஷேகம் பாப்பா, சீரியல் பாப்பா, மிக்ஸியில சாய்ச்சு வெச்சுக்கிட்டு சமைப்பா. பாக்கட்டும்னு விட்டேன். அதுல வேற என்ன நடக்குதுன்னு நான் பாக்கல. நம்பினேன் தம்பி. பொண்டாட்டிய நம்பறது தப்பா?

சென்னையில என் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். பாக்கியம் முட்டி வலின்னு வரல. நான் மட்டும் போனேன். தாலி கட்டி முடிஞ்சு பந்தியில உக்காந்திருக்கேன். எதிர் வரிசையில என் மச்சினன் பொண்டாட்டி சுகுணா. இலையில சாதம் போட்டுட்டு இருக்காங்க, அவ அங்கேருந்து கத்தறா, “அண்ணே, மங்கைக்கு வளைகாப்பு ஜோரா பண்ணிட்டாங்கல்ல? அண்ணி வீடியோலயே உக்காந்து நலுங்குப் பாட்டு பாடினாங்களே, நாங்கல்லாம் அழுதுட்டோம் போங்க!”

எனக்கு ஒண்ணும் புரியல. வளைகாப்பு. அப்ப மங்கை மாசமா இருக்கா. அது மச்சினனுக்குத் தெரியும், மச்சினன் பொண்டாட்டிக்குத் தெரியும், அந்தப் பந்தியில பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் வீட்டுல, என் கூடத்துல, என் வைஃபைல உக்காந்து இவ பாட்டு பாடியிருக்கா. எப்போ? நான் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த அன்னைக்கு. வந்து, சாப்பாடு போடவான்னுதான் கேட்டா.

எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. ஆமா ஆமான்னு சிரிச்சேன். வேற என்ன பண்றது? மானம் போச்சு தம்பி. அப்படியே எழுந்திரிச்சேன். கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல சேர் அடுக்கி வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ண இழுத்துப் போட்டு உக்காந்து போன எடுத்தேன். வெளியூர்லேருந்து நம்ம வீட்டு ரூட்டருக்குள்ள போறதுக்கு நான் வழி வெச்சிருக்கேன். போனேன். கறுப்புத் திரை வந்துச்சு. மினுக்குச்சு.

கோவத்துல போனேன், ஆனா கோவத்துல வேலை செய்யல. இத நீங்க நல்லா கவனிக்கணும். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. தூரத்துல இருக்கற ரூட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, முதல் கட்டளையே, கொஞ்ச நேரத்துல நீயா அணைஞ்சு நீயா எழுந்திருன்னு சொல்லிடணும். ஏன்னா, நாம எழுதறதுல தப்பு வந்து நம்ம லைனே அறுந்துபோச்சுன்னா, அங்க போய் சரி பண்ண ஆள் இல்ல. அதுவா அணைஞ்சு எழுந்தா, புதுசா எழுதினது மறந்துபோயி பழையபடி ஆயிடும். நாம தப்பிச்சோம். எல்லாம் சரியா இருந்தா, அந்தக் கட்டளைய ரத்து பண்ணிட்டு, எழுதினத சேமிச்சுடணும். பாங்க்ல எனக்குக் கீழ இருந்தவங்க யாராவது இதைச் செய்யாம விட்டா கிழிச்சுடுவேன்.

அதை முதல்ல போட்டேன். அப்புறம் ஒரே ஒரு வரி. வைஃபைல அந்த டேப்புக்குன்னு ஒரு அடையாள நம்பரு உண்டு, அது எனக்கு மனப்பாடம். அந்த நம்பர்லேருந்து எது வந்தாலும் தடு. அவ்வளவுதான். அந்த வரிய, வீட்டுக்குள்ளேருந்து வர்ற பக்கத்துல மாட்டினேன். என் லைன் அறுந்துச்சா? அறுபடல. திரை அப்படியே நிக்குது, நான் எழுதினா பதில் வருது. சரி, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அணையற கட்டளைய ரத்து பண்ணிட்டு, சேமிச்சுட்டு, பந்திக்குத் திரும்பி வந்தேன். என் இலைய எடுத்துட்டாங்க. வேற இலையில உக்காந்து சாப்பிட்டேன்.

அதுல ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு தம்பி. சின்ன விஷயம்தான். இந்தத் தடுக்கற பட்டியல் இருக்கே, அதுக்கு ஒரு குணம். யார விடணும்னு நீங்க எழுதலன்னா, எல்லாரையும் தடுத்துடும். தடுக்க வேண்டியவன் ஒருத்தனைத்தான் எழுதியிருப்பீங்க, ஆனா மத்தவனை விடுன்னு கீழ ஒரு வரி சேர்க்கணும். அத நான் சேர்க்கல. நான் வெளியிலேருந்து நேரா ரூட்டர்கிட்ட பேசறேன், அதனால எனக்கு ஒண்ணும் தெரியல. வீட்டுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு. டேப், பாக்கியத்தோட போன், எல்லாம்.

இந்தத் தப்பு யாரும் செய்யாத தப்பு இல்ல. எங்க துறையில எந்த ஆள வேணா கேளுங்க, செஞ்சிருப்பான்.

சாப்பிட்டுட்டு பாக்கியத்துக்குப் போன் போட்டேன். வளைகாப்பு விஷயத்த ஒரு பிடி பிடிக்கணும்னு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு சொல்லுது. டேப்பு நின்னதும் புரிஞ்சுபோச்சு போல, போன அணைச்சுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சேன். இருக்கட்டும், நல்லா யோசிக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் சம்பந்திங்களோட உக்காந்து வெத்தலை போட்டுட்டிருந்தேன்.

சாயங்காலம் ஆரோக்கியம் கூப்பிட்டான். எதிர்ல இஸ்திரி வண்டி போடறவன். “ஐயா, அம்மா கேட்டுக்கிட்ட விழுந்து கெடக்கறாங்க. கூப்பிட்டா பேச்சில்ல. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், நீங்க வந்துடுங்க.” அவன் சொல்றப்பவே முடிஞ்சுபோச்சுன்னு டாக்டர் அப்புறம் சொன்னாரு. நெஞ்சு வலி. மத்தியானமே வந்திருக்கு. உள்ள போன் போட்டுப் பாத்திருக்கா, போகல. மெதுவா சுவரப் பிடிச்சுக்கிட்டு, சிக்னலுக்கு கேட்டு வரைக்கும் நடந்திருக்கா. நெஞ்சு வலியோட நடக்கக் கூடாதாமே. டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கையில போன் இருந்துச்சு. ஆரோக்கியம் குடுத்தான். யாரக் கூப்பிட்டிருக்கான்னு பாத்தேன். ஆம்புலன்ஸ் இல்ல. நான் இல்ல. மங்கை. உள்ளேருந்து மங்கை, வாசப்படியில மங்கை, கேட்டுக்கிட்ட மங்கை. அந்த நேரத்துல கூட புருஷன் ஞாபகம் வரல பாருங்க. எனக்கு அதுதான் தம்பி, இன்னும் நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு. பாக்கியம் போனது வலிக்கலன்னு நெனக்காதீங்க. அடுப்படிக்குள்ள போனா அழுகை வருது. அந்த மிக்ஸிய நான் நகத்தல. ஆனா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?

மறுநாள் காலையில மங்கை வந்தா. வயித்தத் தள்ளிக்கிட்டு, அந்தப் பையன் கையப் பிடிச்சுக்கிட்டு. அம்மா மேல விழுந்து அழுதா. அப்புறம் யாருக்கோ தகவல் சொல்லணும்னு போன எடுத்தா. நெட் வரல. என்னைப் பாத்தா. “அப்பா, வைஃபை ஏன் வரல?”

அப்பத்தான் எனக்கே தெரியும். லேப்டாப்ப எடுத்து, ஒயர மாட்டி, உள்ள போய்ப் பாத்தேன். பாத்த உடனே புரிஞ்சுபோச்சு, கீழ் வரி இல்ல. “பொணத்த நடு வீட்டுல வெச்சுக்கிட்டு ரூட்டர நோண்டறீங்களே, நீங்க மனுஷனா”ன்னு மச்சினன் கத்தறான். ஏன்யா, வந்தவன் போனவன் போன் பேச வேண்டாமா? மயானத்துக்குச் சொல்ல வேண்டாமா? எல்லாம் இதுலதான ஓடுது! கீழ் வரியச் சேர்த்தேன். சேமிச்சேன். கூடத்துல எல்லார் போனும் டிங்கு டிங்குன்னு அடிச்சுது.

மங்கைக்கு விளக்கம் சொல்லணும்ல? அவளும் படிச்சவ. திரைய அவ பக்கம் திருப்பி, “பாரும்மா, மேல இருக்கற வரி சரி. கீழ ஒரு வரி விட்டுப்போயிருந்துச்சு, இப்ப சேர்த்துட்டேன்”னு சொன்னேன். அவ கீழ் வரியப் பாக்கவே இல்ல. மேல் வரி மேல விரல வெச்சா. “இது அம்மா டேப்பு நம்பர்தான?” அப்படின்னா. ஆமான்னேன். விரல எடுக்கல. அப்புறம் சத்தமே போடாம சொன்னா, “நீங்கதாம்பா. நீங்கதான்.”

எல்லார் காதுலயும் விழுந்துச்சு. என் வீட்டுல, என் சம்சாரம் பக்கத்துல, நான் வளத்த பொண்ணு. எனக்கு எப்படி இருக்கும்? “இனிமே என் நம்பருக்கு நீ கூப்பிடாத”ன்னு சொல்லிட்டேன். கோவத்துல சொல்றதுதான். சுத்தி இத்தன பேர் இருந்தாங்களே, ஒருத்தன் சொல்லியிருக்கலாம், பெத்தவன் வாயில வர்றதெல்லாம் கணக்கா வெச்சுக்காதம்மான்னு. சொல்லல. காரியம் முடிஞ்சு போனவதான். அப்பாவுக்கு ஒரு போன் கெடையாது. குழந்தை பொறந்ததே சுகுணா சொல்லித்தான் தெரியும். பொண்ணு. பாக்கியம் பேர வெச்சிருக்காங்களாம்.

நான் ஏன் கூப்பிடணும்? நான் பெத்தவன். அவ கூப்பிடட்டும்.

என்ன கேட்டீங்க? மேல் வரியா? அது அப்படியே இருக்கு. எதுக்கு எடுக்கணும்? அதுல தப்பில்லையே. தப்பு கீழதான். அத சரி பண்ணியாச்சு. இப்ப பட்டியல் ரொம்ப ஒழுங்கா இருக்கு, நீங்க மாடிக்கு வந்தா உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. டேப்பு அதோ, சார்ஜ்ல கெடக்கு. தெனமும் துடைச்சு வெக்கறேன். பாக்கியம் தொட்டது.

தம்பி, ஒரு உதவி. தப்பா நெனக்காதீங்க. இந்தாங்க, வைஃபை பாஸ்வேர்ட் இந்தச் சீட்டுல இருக்கு, உங்க போன்ல போடுங்க. வந்துருச்சா? வரும், நல்லா வேகமா வரும். இந்த நம்பருக்கு ஒரு கால் போடுங்க. மங்கை நம்பர்தான். என் நம்பர்னா எடுப்பாளோ மாட்டாளோ, உங்க நம்பர் அவளுக்குப் புதுசு. வீடு பாக்கியம் பேர்ல இருக்கு, அதனால மாடிய வாடகைக்கு விடறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு கேளுங்க. அவ்வளவுதான். பேசிக்கிட்டே இருக்கறப்ப பின்னாடி குழந்தை சத்தம் கேக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அழுவுதா, சிரிக்குதா, எதுவா இருந்தாலும்.

அடிக்குதா? எடுத்துட்டாளா? ம், பேசுங்க, பேசுங்க.

ஆட்சேபணை இல்லையாமா? சரி. குழந்தை? கேக்குதா? என்ன பண்ணுது? ஏதோ ங்கா ங்கான்னு... சரி சரி, நீங்க பேசுங்க, நான் குறுக்க பேசல.

அதெல்லாம் ஏன் கேக்கறீங்க? அப்பாகிட்ட பேசறதில்லையான்னு உங்கள யாரு கேக்கச் சொன்னா? வாடகையப் பத்தி மட்டும்தான கேக்கச் சொன்னேன். சரி, கேட்டுட்டீங்க. என்ன சொல்றா?

டேப்புக்கா?

எந்த டேப்புக்கு? இந்த டேப்புக்கா? தெனமுமா? குழந்தையக் குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, தெனமும் அம்மா டேப்புக்குப் போட்டுப் பாக்கறாளா? அப்பா தன் நம்பருக்குத்தான கூப்பிடக் கூடாதுன்னாருன்னு சொல்றாளா? போகலையாமா? போகாது தம்பி. எப்படிப் போகும்?

என்னைக்கு அது மணியடிக்குதோ அன்னைக்கு அப்பா அந்த வரிய எடுத்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன்... அப்படியா சொன்னா? அவளே சொன்னாளா, இதே வார்த்தையில? அழறாளா?

கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. நான் இங்க இதே சேர்ல உக்காந்து, பெத்த பொண்ணு ஒரு போன் போடலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

லேப்டாப் இங்கதான் இருக்கு. எடுக்கறதுன்னா பெரிய வேலை இல்ல தம்பி. அந்த வரிக்கு முன்னால வேண்டாம்னு ஒரு சொல் போட்டு ஒரு தட்டு. நீங்க அந்தத் தண்ணிய குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். டேப்பு அடிக்கும். குழந்தை மூஞ்சியும் பாக்கலாம்.

ஆனா எடுத்துட்டேன்னு வைங்க, அப்ப என்ன ஆகும்? தப்பு அந்த வரியிலதான் இருந்துச்சுன்னு ஆயிடும். அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி அவ சொன்னது சரின்னு ஆயிடும். பாக்கியத்த நான்தான்... இல்ல தம்பி. கீழ ஒரு வரிதான் விட்டுப்போச்சு. அதுதான் நடந்தது.

என்ன? இன்னும் லைன்லதான் இருக்காளா? நான் பக்கத்துல இருக்கேனான்னு கேக்கறாளா?

வீட்டுல இல்லன்னு சொல்லுங்க தம்பி. வெளியில போயிருக்காருன்னு சொல்லுங்க.